தினம் தொண்ணூறு கிலோமீட்டரும் ஈ.பி. பில்லும்

மின்சார கார் பற்றிப் பேச்சு வந்தால் கல்லூரியில் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது, "ஈ.பி. பில் எவ்வளவுங்க மேடம் வருது?" என்றுதான். சரியான கேள்வி. நம் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. கார் எத்தனை யூனிட் எடுக்கும் என்பதோடு, வீடு ஏற்கெனவே எந்தப் படியில் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

எனக்கு வீடு பொள்ளாச்சி, வேலை கோவை பீளமேடு. போய்வரத் தொண்ணூறு கிலோமீட்டர், மாதத்துக்குச் சுமார் 2,000. 2024இல் டாடாவின் மின்சார கார் பஞ்ச் ஈவி வாங்கினேன், 35 யூனிட் கொள்ளும் பாட்டரி. யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் கொடுக்கிறது. பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை; சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் அந்த இரண்டு மாதத்துக்கு 630 யூனிட். வீட்டுக்கு மட்டும் 300 யூனிட் ஆகும், அதற்கு 705 ரூபாய். காரையும் சேர்த்து 930 யூனிட் வரும்போது பில் 6,261. 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிச் சலுகையும் குறைகிறது. அப்புறம் யூனிட்டுக்கு 8.55 ரூபாய், 9.65 என்று ஏறி, கடைசி யூனிட்டுகள் 10.70க்குப் போய் நிற்கின்றன. ஆக காருக்கென்று கூடுதலாகக் கட்டுவது சுமார் 5,550.

அதே இரண்டு மாதத் தூரத்துக்கு பெட்ரோல் கார் லிட்டருக்கு 16 கொடுத்தால்கூட 250 லிட்டர் வேண்டும், 25,000 ரூபாய்க்கு மேல். வருடத்துக்கு ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம் மிச்சம். சாலை வரி இல்லாததால் நான் வாங்கும்போது இரண்டு கார்களுக்கும் ஆன்ரோடு விலை வித்தியாசம் மூன்று லட்சம்தான். மூன்று வருடத்துக்குள் அது திரும்பிவிடும்.

ஆனால் சாயிபாபா காலனியில் இருக்கும் என் சித்தி மகள் கேட்டபோது வேண்டாம் என்றேன். அவள் மாதம் ஓட்டுவது 500 கிலோமீட்டர். அவளுக்கு வருடத்தில் முப்பத்து மூவாயிரம்கூட மிஞ்சாது. 2025 செப்டம்பரில் சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. மின்சார காருக்கு அதே 5 சதவீதம்தான். அதனால் விலை இடைவெளி இன்னும் கூடிவிட்டது. நாலு லட்சம் வித்தியாசம் என்றால் அவளுக்குப் பன்னிரண்டு வருடம் ஆகும். போதாததற்கு அடுக்குமாடி வீடு; பார்க்கிங்கில் தன் மீட்டரிலிருந்து லைன் இழுக்க அசோசியேஷன் ஒத்துக்கொள்ள வேண்டும். வெளியே ஃபாஸ்ட் சார்ஜரையே நம்பினால் யூனிட் இருபது ரூபாயைத் தாண்டுகிறது, ஜி.எஸ்.டி. வேறு. கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய்க்கு மேல் கொடுத்து, காத்துக்கிடக்கவும் வேண்டுமா?

சொந்த வீடு இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள்: எர்த்திங், அதாவது மின்கசிவை மண்ணுக்குள் இறக்கிவிடும் இணைப்பு. எங்கள் வீடு பழசு. பதினைந்து ஆம்பியர் பிளக்கில் சார்ஜ் கேபிளைச் செருகினால் அதன் பெட்டியில் சிவப்பு விளக்கு மினுக்கும், சார்ஜ் ஏறாது. எலெக்ட்ரீஷியன் வந்து, கிணற்றடி ஓரமாக ஆளுயரக் குழி தோண்டி, குழாய் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினார். "கோடையில வாரம் ஒரு குடம் தண்ணி ஊத்தீருங்க" என்றார். அன்றிலிருந்து பச்சை விளக்குதான். அந்தச் சிவப்பு விளக்கு வீட்டிலுள்ள எல்லோருடைய பாதுகாப்புக்கும்தான் எச்சரிக்கை. கார் வாங்காவிட்டாலும் பழைய வீட்டில் எர்த்தைச் சோதித்துவிடுங்கள்.

மலைக்கு இழுக்குமா என்று கேட்கிறார்கள். வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவும் தாராளமாக ஏறுகிறது. மேலே போக பாட்டரியில் நாற்பது சதவீதம் வரை கரையும். இறங்கும்போது வண்டியே கொஞ்சம் சார்ஜ் ஏற்றிக்கொள்வதால் வீடு சேரப் பத்து சதவீதம் போதும். பிரேக்கை மிதிக்கும் வேலையும் குறைவு, பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குத் தலைசுற்றல் இல்லை.

பாட்டரி பயம் எனக்கும் இருந்தது. வாரண்டி எட்டு வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர். என் ஓட்டத்துக்கு ஏழு வருடம் ஆவதற்குள் கிலோமீட்டர் முடிந்துவிடும். அதற்குள் ஏழு லட்சத்துக்கு மேல் மிச்சமாகியிருக்கும், பாட்டரியை மாற்ற நேர்ந்தாலும் கலங்க வேண்டியதில்லை. இன்ஷூரன்ஸில் மூன்றாம் நபர் பிரீமியத்துக்கு 15 சதவீதத் தள்ளுபடி உண்டு. ஆனால் காரின் மதிப்பு அதிகம் என்பதால் மொத்த பிரீமியம் கூடத்தான் செய்யும்.

அடுத்தது சோலார். மூன்று கிலோவாட்டுக்கு ஒன்றிய அரசின் மானியம் 78,000. நல்ல வெயிலில் நாளுக்குப் பன்னிரண்டு யூனிட் வரும், அதாவது காருக்கு வேண்டியது முழுக்க. பில்லில் கழியும்போது மேலே இருக்கும் 10.70, 9.65 படிகள்தான் முதலில் குறையும். அதனால் மின்சார கார் நிற்கும் வீட்டில் சோலார் போட்ட காசு சீக்கிரம் திரும்பும். மொட்டை மாடியில் தென்னை நிழல் விழும் மூலையை விட்டுவிட்டு இடம் அளந்தாயிற்று. இந்த மாதமே விண்ணப்பிக்கப் போகிறேன்.