ஐஎல்ட்ஸ் ரைட்டிங்: ஃபேர்லியா, குவைட்டா, ராதரா? பக்கத்துச் சொல்லைப் பாருங்கள்

நேற்று ஐஎல்ட்ஸ் (ஆங்கிலத் திறன் தேர்வு) ரிசல்ட் வந்தது. ரைட்டிங்கில் 7. என்னைப் பொறுத்தவரை 6.5 என்பது கோந்து போட்டு ஒட்டிய மாதிரி நகராமல் இருந்த மதிப்பெண். அதனால் இதில் கொஞ்சம் திமிர் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தேர்வு எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். நான் சொல்ல வந்தது ஃபேர்லி (fairly), குவைட் (quite), ராதர் (rather), ப்ரிட்டி (pretty), சம்வாட் (somewhat) என்று, 'ஓரளவு', 'கொஞ்சம்' என அளவு சொல்லும் ஐந்து பேரைப் பற்றி மட்டும்தான்.

கோச்சிங் சென்டரில் ஒரு தாள் கொடுத்தார்கள். ஃபேர்லி 50 சதவீதம், குவைட் 60, ராதர் 70, ப்ரிட்டி 80 என்று வரிசையாகப் போட்டிருந்தது. உங்களிடமும் அப்படி ஒன்று இருந்தால் கிழித்துப் போடுங்கள். சதவீதம் பார்த்து யாரும் ஆங்கிலம் பேசுவதில்லை. அர்த்தத்தை அளந்துகொண்டிருக்காமல், அடுத்து என்ன சொல் வருகிறது என்று பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

அகாடமிக் ரைட்டிங்கின் முதல் கேள்வியான, வரைபடத்தை விவரிக்கும் டாஸ்க் 1 பெரும்பாலும் ஒப்பீடுதான்: ஹையர், லோயர், மோர். இவற்றுக்கு முன்னால் ஃபேர்லி, குவைட், ப்ரிட்டி மூன்றுமே வராது. 'ஃபேர்லி ஹையர்' தப்பு. 'சம்வாட் ஹையர்', 'ஸ்லைட்லி ஹையர்' சரி. ராதர் இலக்கணப்படி வரும், ஆனால் அதில் 'நினைத்ததைவிட' என்ற சாயல் ஒட்டிக்கொண்டிருக்கும். வரைபடத்தை விவரிக்கும் இடத்தில் நாம் என்ன நினைத்தோம் என்று யார் கேட்டார்கள்? 'குவைட் பெட்டர்' காதில் விழுந்திருக்கும். அது காய்ச்சல் விட்டு முழுசாகத் தேறியவருக்கு.

குவைட் தனிக் கதை. குட், பிஸி போலக் கூட்டிக் குறைக்கக்கூடிய சொல்லோடு வந்தால் 'ஓரளவு'. இம்பாஸிபிள் மாதிரி, பாதி இருக்க வழியில்லாத சொல்லோடு வந்தால் 'முற்றிலும்'. அமெரிக்கர் 'குவைட் குட்' என்றால் பெரும்பாலும் பாராட்டு. பிரிட்டிஷ்காரர் குவைட்டை அழுத்திச் சொன்னால் 'பரவாயில்லை, அவ்வளவுதான்'. லிஸனிங்கில் பேசுபவரின் கருத்தைக் கேட்கும்போது இது உதவும். இவ்வளவு குழப்பம் எதற்கு என்று, கட்டுரை எழுதும் டாஸ்க் 2-இல் நான் அதன் பக்கமே போகவில்லை.

மற்றவை வேகமாக:

- 'அ ஃபேர்லி குட் ஐடியா', ஆனால் 'குவைட் அ குட் ஐடியா'. 'அ' இடம் மாறுகிறது. ராதருக்கு இரண்டும் ஆகும்.
- 'ஐ குவைட் லைக்', 'ஐ ராதர் லைக்' உண்டு. 'ஐ ஃபேர்லி லைக்' கிடையாது.
- ப்ரிட்டி பேச்சுக்கு. ஸ்பீக்கிங்கில் தாராளமாகப் போடுங்கள், கட்டுரையில் வேண்டாம்.
- அறை 'ஃபேர்லி வார்ம்' என்றால் இதமாக இருக்கிறது. 'ராதர் வார்ம்' என்றால் ஃபேன் போடச் சொல்கிறார்.

பட்டியல் மனப்பாடம் எனக்கு ஆகாது. வாக்கியமாக வாய்விட்டுப் படித்துத்தான் பழகினேன். அட்டை எழுதிப் படிப்பவர்கள் அப்படியே படியுங்கள், ஆனால் அட்டையில் தனிச்சொல் எழுதாமல் 'சம்வாட் ஹையர்' என்று ஜோடியாக எழுதுங்கள். தேர்வு அறையில் சந்தேகம் வந்தால் ஐந்தையும் விட்டுவிட்டு எண்ணையே எழுதிவிடுங்கள். டாஸ்க் 1-இல் அது கண்ணெதிரே இருக்கிறது.