இரண்டரைக் குளிசையிலிருந்து ஒன்றரைக்கு

மகனுக்கு நாற்பது நாள். அவன் தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வராது. ஃபேனுக்கு அடியில் இருந்தே வேர்த்து ஊற்றும். பால் கொடுக்கும்போது நெஞ்சு படபடவென்று அடிக்கும். பிளேன்டீயை எடுத்தால் கோப்பை சோசரில் கடகடக்கும். அம்மா, "புள்ளப் பெத்த உடம்பு அப்படித்தான் மகள்" என்று சரக்குக் கறியை இன்னும் ஒரு கரண்டி போட்டார். நானும் நம்பிவிட்டேன்.

எனக்குக் கலியாணத்துக்கு முன்னமே தைரொய்ட் குறைவு, அதாவது கழுத்திலுள்ள அந்தச் சுரப்பி தைரொக்சின் என்ற ஹோர்மோனைப் போதுமான அளவு சுரக்காது. 50 மைக்ரோகிராம் தைரொக்சின் குளிசையில் ஒன்றரை, அதாவது 75. பிள்ளை தங்கியதும் 100, பிறகு 125. முதல் மாதங்களில் பிள்ளை தாயின் தைரொக்சினை நம்பித்தான் வளரும் என்பதால் கிளினிக்கில் அதைக் கவனமாகப் பார்த்தார்கள். பிறந்த பிறகு பழைய அளவுக்கு இறக்க வேண்டும் என்பது மட்டும் எங்கோ விடுபட்டுப்போனது. ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது தரும் டயக்னோசிஸ் கார்டில் மருந்தைத் தொடரும்படி ஒரு வரி, எத்தனை என்று இல்லை. தையல் வலியில் நானும் கேட்கவில்லை. தினமும் இரண்டரைக் குளிசை தொடர்ந்தது.

பிள்ளையை நிறுக்க வந்த மிட்வைஃப்தான் என் கையைப் பார்த்து, "ரி.எஸ்.எச். பார்த்தீங்களா?" என்றார். தைரொய்டைச் சுரக்கச் சொல்லித் தூண்டும் ஹோர்மோன் அது, இரத்தத்தில் பார்ப்பார்கள். மறுநாளே களுவாஞ்சிக்குடியில் பஸ் ஏறி மட்டக்களப்பு டவுனில் இரத்தம் கொடுத்தேன். முடிவு 0.06. இலக்கம் குறைந்தால் தைரொய்டும் குறைவு என்று நினைத்து, கூட்டப்போகிறார்களோ என்று பயந்தேன். உண்மை தலைகீழ். உடம்பில் தைரொக்சின் கூடினால்தான் ரி.எஸ்.எச். இறங்கும். டொக்டர் 75க்கு இறக்கினார். பாலை நிறுத்தவா என்று கேட்டேன். பாலுக்குள் போவது மிகக் கொஞ்சம், தாராளமாகக் கொடுங்கள் என்றார். படபடப்பு உடனே போகவில்லை, இரண்டு மூன்று கிழமை எடுத்தது. பழைய மருந்து உடம்பை விட்டு மெதுவாகத்தான் இறங்குமாம்.

ஆறு கிழமையில் திரும்பப் பார்த்தால் 6.8! சரி, இனிக் கூட்டுவார்கள் என்று போனேன். டொக்டர் டோஸைத் தொடவில்லை. "காலையில என்னென்ன குடிக்கிறீங்கள், ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்" என்றார். தைரொக்சின், பத்து நிமிடத்தில் பால்தேத்தண்ணி, அப்புறம் திரிபோஷா சத்துமா உருண்டை, அதோடு கல்சியமும் இரும்புச்சத்துக் குளிசையும். அவர் சிரித்துவிட்டார். கல்சியமும் இரும்பும் தைரொக்சினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், நான்கு மணித்தியால இடைவெளி வேண்டும். திரிபோஷாவில் இருக்கும் சோயாவும் லேசுப்பட்டதில்லை.

விடியப்புறம் மூன்று மணிக்கு அவன் ஏணையில் சிணுங்கும்போது வெறும் தண்ணீரோடு ஒன்றரையைப் போட்டுக்கொள்ளத் தொடங்கினேன். கல்சியமும் இரும்பும் பகல் சோற்றுக்குப் பிறகு. அடுத்த ரிப்போர்ட் 2.3, சரியான அளவு. இது என் கணக்கு, உங்களுக்கு எத்தனை என்பதை உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்து டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

அம்மா இப்போதே அடுத்த பிள்ளையைப் பற்றிப் பேசுகிறார். அப்படி ஒன்று வந்தால், கார்டில் டோஸை இலக்கத்தில் எழுதி வாங்காமல் வார்ட்டை விட்டு வெளிக்கிட மாட்டேன்.