வெங்காய விலையும் வாடகைக் கணக்கும்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் அடுத்தடுத்துள்ள இரண்டு மளிகைக் கடைகளில் ஒன்று வெங்காய விலை அட்டையில் இருபது காசைக் குறைத்தால், பத்து நிமிடத்தில் மற்றதும் குறைத்துவிடுகிறது. போட்டிக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தபோது, 2024 மே மாதம் அத்தடை நீங்கும்வரை, இருவருமே வேற்று நாட்டுச் சரக்கைத் தேட வேண்டியிருந்தது.

முதல் கடைக்காரர், கட்டடம் சொந்தமென்பதால் வாடகைச் செலவில்லை என்கிறார். அதை வாடகைக்கு விட்டிருந்தால் வந்திருக்கக்கூடிய பணத்தையும் செலவாகவே கொள்வது பொருளியலின் வழக்கம். அவ்வாறு கழித்தால் அவருடைய லாபம் சொற்பமே. இதைச் சொன்னதும், “தம்பி, எடைக்கு மேல் ஒரு வெங்காயம் போட்டிருக்கிறேன், அதையும் கழித்துக்கொள்ளுங்கள்” என்றார்.