மூன்று விரல்
பினாங்கில் ஓர் அரசாங்க மருத்துவமனையின் வாய்நோய்ப் பிரிவில் 19 வருடமாகத் தாதியாக இருக்கிறேன். புதிதாக வருகிற நோயாளிகளிடம் நான் முதலில் செய்யச் சொல்வது ஒன்றுதான். நடு மூன்று விரல்களையும் சேர்த்து, மேல்பல்லுக்கும் கீழ்பல்லுக்கும் நடுவே நெட்டுவாக்கில் நுழைக்க வேண்டும். நல்ல வாய் என்றால் மூன்றும் நுழையும். பாக்கு மென்று கன்னம் உள்ளே இறுகிப்போயிருந்தால் நுழையாது.

போன வருடம் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வந்த பாட்டிக்கு ஒரு விரல்தான் நுழைந்தது. இரண்டாவது நகத்தோடு நின்றுவிட்டது. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அந்தக் காலத்திலிருந்தே வெற்றிலை பாக்கு. "ஒரு வருசமா இப்படித்தான் தாயி. காரம் பட்டா தீயா எரியுது, தயிர்சோறுதான் இறங்குது" என்றார். இடது கன்னத்தின் உள்ளே, பாக்கை அடக்கி வைக்கும் இடத்தில், ஒரு வெள்ளைத் திட்டு. பஞ்சால் துடைத்தாலும் போகவில்லை. அதன் நடுவில் புண். புண்ணின் விளிம்பு விரலுக்குக் கல் மாதிரி தட்டுப்பட்டது.

"புகையிலை போடுறதில்லையே, வெறும் பாக்குதானே" என்றார். எல்லோரும் சொல்வது இது. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் 2004-லேயே அறிவித்துவிட்டது. அதை யார் இவரிடம் தமிழில் சொன்னார்கள்?

அப்புறம் மகள் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். அதில் ஐந்து மாதத்துக்கு முந்தைய தேதி. ஒரு கிளினிக்கில் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி எழுதிக் கொடுத்தது. மகள் வேலைக்குப் போயிருந்ததால் பாட்டி தனியாகப் போயிருக்கிறார். மலாயில் 'கெத்தும்புஹான்' என்றிருக்கிறார்கள். கட்டி என்று அர்த்தம். பாட்டிக்குப் புரியவில்லை, "யா, யா" என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். கடிதம் அடகுச் சீட்டுகளோடு பிஸ்கட் டின்னில் கிடந்தது.

சோதனை முடிவு வந்தபோது வாய்ப்புற்று, முற்றிப்போன நான்காம் கட்டம்.

மலேசியச் சுகாதார அமைச்சு 2018-இல் வெளியிட்ட அறிக்கையில் மார்பகப் புற்றுநோய்க்கான கணக்கு இருக்கிறது. ஐந்து ஆண்டு உயிர்பிழைப்பு சீனப் பெண்களுக்கு 76.5 விழுக்காடு, இந்தியப் பெண்களுக்கு 70.6, மலாய்ப் பெண்களுக்கு 57.9. இதைப் படித்ததும் இரத்தத்தில் ஏதோ இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். அதே அறிக்கையில் இன்னொரு கணக்கும் உண்டு: முதல் கட்டத்தில் வந்தவர்களுக்கு 87.5, நான்காம் கட்டத்தில் 23.3. எனக்கு இந்த இரண்டாவது கணக்குதான் பெரிதாகத் தெரிகிறது. யார் எந்தக் கட்டத்தில் எங்கள் வாசலுக்கு வருகிறார்கள்? கத்தி பட்டால் பரவிவிடும் என்று பயந்து பாரம்பரிய மருந்துக்குப் போகிறவர்களை எல்லா இனத்திலும் பார்த்திருக்கிறேன். ஆனால் வாய்ப்புற்று என்றால் நம் பெண்கள்தான் அதிகம். நாட்டின் புற்றுநோய்ப் பதிவேடும் அதையே சொல்கிறது.

பாட்டிக்கு அறுவை சிகிச்சை செய்து கன்னத்தில் ஒரு பகுதியை எடுத்தார்கள். பிறகு கதிர்வீச்சு, வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரம். சிகிச்சைக்கு அரசாங்கம் வாங்குவது சொற்பம்தான். ஆனால் கூட வருகிற மகளுக்குத் தொழிற்சாலையில் அத்தனை நாள் சம்பளம் போகும். நடுவில் இரண்டு நாள் வரவில்லை. நானே போன் செய்து, ஓவர்டைம் என்று தெரிந்ததும், சமூகநலப் பிரிவில் பேசி வண்டிக்கு ஏற்பாடு செய்தேன். கதிர்வீச்சை இடையில் விட்டால் பலன் குறையும் என்பதை மகளுக்குத் தமிழில் இரண்டு முறை சொன்னேன். திருப்பிச் சொல்லவும் வைத்தேன். இப்போது எல்லோரிடமும் அப்படித்தான், "புரிஞ்சுதா?" என்று கேட்பதையே விட்டுவிட்டேன்.

கடைசி வாரத்தில் ஒரு நாள் மகள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தாள். வயது 31. நைட் ஷிஃப்டில் தூக்கம் வராமல் இருக்கப் பழகியதாம், வெறும் பாக்குதானாம்.

பக்கத்தில் உட்கார்ந்து, "வாயைத் திற, மூணு விரலை வை" என்றேன். இரண்டு நுழைந்தது. மூன்றாவதை அழுத்திப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். கையோடு மேல்மாடிக்கு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.