தின் கிளையன்ட் இணையவில்லையா? கடிகாரத்தையும் பாருங்கள்

தின் கிளையன்ட்டில் திரையும் விசைப்பலகையும்தான் நம் பக்கம். வேலை முழுக்க சர்வரில் நடக்கிறது. அதனால் கோளாறு வந்தால் பெட்டியைக் கழற்றுவதற்கு முன் நெட்வொர்க்கைச் சந்தேகியுங்கள்.

நெட்வொர்க் வழியாக பூட் ஆகும் வகை என்றால், பூட் வரிசையில் பி.எக்ஸ்.இ (நெட்வொர்க் பூட்) முதலில் இருக்க வேண்டும். ஐ.பி முகவரி வழங்கும் டி.எச்.சி.பி சர்வரில் ஆப்ஷன் 66-இல், பூட் கோப்பை அனுப்பும் டி.எஃப்.டி.பி சர்வரின் முகவரியும் 67-இல் பூட் கோப்பின் பெயரும் இருக்க வேண்டும். பெட்டியைத் தொடங்கிவைக்கும் மென்பொருள் புதிய யு.இ.எஃப்.ஐ வகையா, பழைய பயாஸ் வகையா என்பதைப் பொறுத்து பூட் கோப்பு வேறு. ஒன்றையே இரண்டுக்கும் கொடுத்தால், ஐ.பி கிடைத்த பிறகும் ஒன்று பூட் ஆகாமல் நின்றுவிடும். ஐ.பியே வரவில்லையா? சுவிட்ச்சில் ஸ்பானிங் ட்ரீ (நெட்வொர்க்கில் சுழற்சி வராமல் தடுக்கும் வசதி) போர்ட்டைத் திறக்க 30 விநாடி எடுக்கலாம், அதற்குள் பி.எக்ஸ்.இ கைவிட்டுவிடக்கூடும். அந்த போர்ட்டில், காத்திருக்காமல் உடனே திறக்கும் போர்ட்ஃபாஸ்ட்டை இயக்குங்கள்.

ஃபயர்வாலில் டி.எஃப்.டி.பிக்கு யு.டி.பி 69, ரிமோட் டெஸ்க்டாப்புக்கு டி.சி.பி 3389 ஆகிய போர்ட்கள் திறந்திருக்க வேண்டும்.

பலர் கவனிக்காதது கடிகாரம். பழைய பெட்டிகளில் மதர்போர்டின் சி.ஆர். 2032 பேட்டரி தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னே போய்விடும். உடனே சான்றிதழ் பிழை வரும். பயனர் கணக்குகளை நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியில், சர்வர் நேரத்திலிருந்து 5 நிமிட வித்தியாசத்துக்கு மேல் போனாலே, அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் உள்நுழைவை மறுக்கும். பேட்டரியை மாற்றுங்கள், சரியான நேரத்தைத் தரும் என்.டி.பி சர்வரின் முகவரியையும் கட்டாயம் கொடுங்கள்.

விண்டோஸ் ஐ.ஓ.டி (இத்தகைய பெட்டிகளுக்கான விண்டோஸ்) உள்ளவற்றில் ரைட் ஃபில்டர் (வட்டில் மாற்றங்கள் பதியாமல் தடுக்கும் வசதி) இயங்கினால், செய்த மாற்றம் ரீபூட்டில் மறைந்துவிடும். முதலில் ஃபில்டரை நிறுத்தி ரீபூட் செய்யுங்கள். அமைப்புகளை மாற்றிய பின் மீண்டும் இயக்கி, இன்னொரு முறை ரீபூட் செய்யுங்கள்.