பேஸ் கித்தாருக்குள் ப்ரீஆம்ப்: இதுவரை நடந்தது

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கோயில் திருவிழா மேடையானாலும் மண்டபத்துக் கல்யாண விருந்தானாலும் எனக்கு ஒரே தொல்லைதான். தபேலாவும் கீபோர்டின் இடக்கையும் சேர்ந்துகொண்டால் என் பேஸ் கித்தாரில் அதிர்வு மட்டும் மிஞ்சும், சுரம் கேட்காது. பழைய ஜாஸ் பேஸ் வகை, பேட்டரி இல்லாதது. மிக்சர் வரை நீளமாகக் கேபிள் இழுத்தால் கூர்மையும் போய்விடும். கேபிளுக்கென்று ஒரு கெப்பாசிட்டன்ஸ், அதாவது மின்னேற்றத்தைத் தேக்கும் தன்மை, உண்டு. அது தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பிலிருந்து வரும் மேல் அலைவெண்களை விழுங்கிவிடுகிறது. உள்ளேயே ஒரு ப்ரீஆம்ப், அதாவது பிக்கப் சிக்னலைப் பலப்படுத்தி ஒலியைக் கூட்டிக் குறைக்க உதவும் சின்ன சர்க்யூட், வைத்தால் இந்தத் தொல்லை குறையும்.

எதை வாங்குவது என்பதில்தான் நிறைய யோசித்தேன். லோ (தாழ்ந்த ஒலி), ஹை (உயர்ந்த ஒலி) என்று இரண்டே குமிழ் உள்ளவை மலிவு, பொருத்துவதும் சுலபம். ஆனால் அவற்றில் பல 40 ஹெர்ட்ஸ் பக்கத்தைத் தூக்குகின்றன. நம் தடித்த ஈ தந்தியே 41 ஹெர்ட்ஸ்தான். அதைத் தூக்கினால் ஸ்பீக்கர் திணறும், மண்டபம் குமுறும், சுரம் மட்டும் தெளியாது. காது பிடிப்பது மிட் எனும் நடு அலைவெண்களில்தான். அகுலார் ஓபிபி-3 என்ற ப்ரீஆம்பில் மிட்டை 400 அல்லது 800 ஹெர்ட்ஸில் வைத்துக்கொள்ளலாம். ஆசைதான், ஆனால் அந்த வெள்ளிக்கு இன்னொரு கித்தாரே வாங்கிவிடலாம். கடைசியில் பெயர் தெரியாத மூன்று குமிழ் ப்ரீஆம்ப் போர்டு ஒன்றை வரவழைத்தேன்.

அதன் மிட் 1 கிலோ ஹெர்ட்ஸ் பக்கம் இருந்தது. ஏற்றினால் மூக்கால் பாடுகிற மாதிரி ஒரு சத்தம். மிட்டுக்குரிய இரண்டு கெப்பாசிட்டரையும் கழற்றி, இரு மடங்கு மதிப்புள்ளவற்றை வைத்தேன். இரண்டும் இரட்டித்தால் மைய அலைவெண் பாதியாகும். அதாவது 500 பக்கம் இறங்கும். வேலை சின்னது, பலன் பெரியது. அடுத்த ஒத்திகையில் கீபோர்டு தம்பி, “அண்ணே, நீங்க என்ன வாசிக்கிறீங்கன்னு இப்பதான் தெரியுது” என்றான். இத்தனை வருஷம் எதைக் கேட்டு வாசித்தானோ!

கேபிள் செருகும் ஜாக்கையும் மாற்ற வேண்டும், ஸ்டீரியோ ஜாக். பேட்டரியின் கறுப்பு வயரை அதன் ரிங் காதில், அதாவது மோனோ ஜாக்கில் இல்லாத கூடுதல் முனையில், பற்றவைக்க வேண்டும். சாதாரண மோனோ பிளக்கைச் செருகும்போது ரிங்கும் கிரவுண்டும் ஒட்டிக்கொள்ளும், போர்டுக்கு மின்சாரம் போகும். பிளக்கைப் பிடுங்கினால் அணையும். அந்தக் காது அரிசி அளவுதான். ஈயம் பக்கத்துக் காதுக்கு வழிந்துவிடாமல் இருக்க, வயர் நுனிக்கு முன்கூட்டியே ஈயம் பூசிக்கொண்டு, சூட்டுக்கோலை ஒரு கணம் தொட்டு எடுத்தேன். 9 வோல்ட் பேட்டரி உள்ளே ஆடாமலிருக்க ஸ்பாஞ்ச் சுற்றியாயிற்று.

போர்டில் சிக்னலைப் பெருக்க வந்தது டிஎல்072 சிப், சுமார் 3 மில்லி ஆம்பியர் குடிக்கும். டிஎல்062 போட்டால் அரை மில்லி ஆம்பியர்கூட வராது, பேட்டரி ஏழு மடங்கு நாள் தாங்கும். சாக்கெட் வைத்து இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். 062இல் ஹையை ஏற்றும்போது இரைச்சல் கொஞ்சம் கூடுகிறது. வீட்டில் கேட்கிறது, உறுமி அடிக்கும் மேடையில் யாருக்குக் கேட்கப்போகிறது? 062தான் இப்போது உள்ளே.

கச்சேரி நடுவில் பேட்டரி செத்தால் ப்ரீஆம்பைத் தாண்டி நேரே போக ஒரு சுவிட்ச் இன்னும் வைக்கவில்லை. தட்டில் புதிதாகத் துளை போட மனமில்லை. வால்யூமுக்கே, இழுத்தால் சுவிட்சாகவும் வேலை செய்யும் புஷ்-புல் வகைக் குமிழைப் போட்டுவிடலாம் என்று ஈப்போவில் ஒரு கடையில் சொல்லி வைத்திருக்கிறேன்.