முருங்கைக்கு ரெண்டு குடம்

பல்லடம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் 11 வருடம் சிஸ்டம் அட்மின் வேலை பார்த்தேன். அங்கே யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. ‘கம்ப்யூட்டர் தம்பி’, அவ்வளவுதான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் கூப்பிடுவார்கள், முதலாளி வீட்டு டிவியில் படம் வராவிட்டாலும் கூப்பிடுவார்கள்.

சர்வர் ரூம் என்று பெயர்தான் பெரிசு. மாடிப்படிக்குக் கீழே இருந்த பழைய ஸ்டோரை அடைத்து ஏசி மாட்டிய இடம். சுவருக்கு அந்தப் பக்கம் துணியில் பழுது பார்க்கும் செக்கிங் செக்ஷன். கதவை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் பஞ்சு உள்ளே வந்துவிடும். மாதம் ஒரு நாள் சர்வரை நிறுத்தி மூடியைக் கழற்றினால், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே பஞ்சு படிந்து மெல்லிய துணியாகவே மாறியிருக்கும். நுனியைப் பிடித்து இழுத்தால் முழுசாக உரிந்து வரும். அந்த மாதம் எந்தக் கலர் ஆர்டர் ஓடியதோ அந்தக் கலர். புளோயர் பிடிக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் அது தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போய்விடும். இதை நான் இரண்டு விசிறிகளைக் கெடுத்த பிறகு தெரிந்துகொண்டேன்.

பஞ்சு கண்ணுக்குத் தெரிகிற எதிரி. அதனால் அது பெரிய தொந்தரவில்லை.

என்னைக் கதிகலங்க வைத்தது ஒரு பூஜ்யம். பொள்ளாச்சியில் சொந்தக்காரர் கல்யாணம். பந்தியில் இலை போட்ட நேரத்தில் போன் வந்தது: சர்வர் கீ கீ என்று கத்துகிறது. செல்போனிலேயே உள்ளே நுழைந்து பார்த்தேன். நாலு ஹார்ட் டிஸ்க், டேட்டாவை நாலிலும் பரப்பி எழுதும் ரெய்டு 5 முறையில். அதில் டிஸ்க் 2 செத்திருந்தது. ரெய்டு 5-ல் ஒரு டிஸ்க் போனால் தாங்கும், அதோடு சரி. இரண்டாவதும் போனால் எல்லாமே போச்சு. அலமாரியில் புது டிஸ்க் ஒன்று தயாராக இருந்தது. என் உதவியாளனிடம், “ரெண்டாவது டிஸ்க்கை உருவிட்டுப் புதுசைப் போட்டுரு” என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் கை நீட்டினேன்.

அவன் இடப்பக்கத்திலிருந்து ஒன்று, ரெண்டு என்று எண்ணி உருவினான். டிஸ்க்குகளை மேய்க்கும் கன்ட்ரோலரோ 0, 1, 2, 3 என்று எண்ணும். உருவப்பட்டது நல்ல டிஸ்க். அடுத்த நொடி பில்லிங், பேக்கிங், சம்பளம் எல்லாம் நின்றுவிட்டது.

மோர் சாதம் வரைக்கும் நான் உட்காரவில்லை. வந்து சேர்ந்ததும் சர்வரை அணைத்து, உருவிய டிஸ்க்கை அதே இடத்தில் செருகி ஆன் செய்தேன். இது வேறு எங்கிருந்தோ வந்த கட்டமைப்பு போலிருக்கிறது, எடுத்துக்கொள்ளட்டுமா, அழித்துவிடட்டுமா என்று கன்ட்ரோலர் கேட்டது. இரண்டும் மேலும் கீழுமாகப் பக்கத்துப் பக்கத்து வரிகள். எடுத்துக்கொள் என்பதில் வைத்துப் பொத்தானை அழுத்தியபோது கை நடுங்கியது. டேட்டா வந்துவிட்டது. முதல் வேலையாக பேக்கப் எடுத்துவிட்டுத்தான் செத்த டிஸ்க்கை மாற்றினேன்.

பையனைத் திட்டலாம் என்று திரும்பினால் அவன் சொன்னான்: “ஆரஞ்சு லைட்டு மூணாவதுலதானுங்ண்ணா எரிஞ்சுது. நீங்க ரெண்டாவதுன்னு சொன்னீங்களேன்னு அதை உருவுனேன்.” அவன் கண்ணுக்குத் தெரிந்ததை நான் கேட்கவே இல்லை. செக்கிங்கில் துணியில் பழுதைக் காட்ட ஒட்டும் அம்புக்குறி ஸ்டிக்கர் இருக்கும். அதில் நாலு வாங்கி 0, 1, 2, 3 என்று எழுதி டிஸ்க்குகளுக்குக் கீழே அன்றைக்கே ஒட்டினேன்.

இன்னொரு நாள் காலையில் மொத்த ஆபீசின் நெட்வொர்க்கும் படுத்துவிட்டது. கம்ப்யூட்டர் ஒயர்கள் எல்லாம் வந்து சேரும் நெட்வொர்க் சுவிட்சில் எல்லா லைட்டும் ஒரே தாளத்தில் படபடவென்று மின்னினால் லூப், அதாவது ஒயர் சுற்றி வந்து தன்னிலேயே சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பாதி ஒயரைப் பிடுங்கி, நின்றதா என்று பார்த்து, மறுபடி அதில் பாதி என்று தேடிப் போனால் மெர்ச்சண்டைசிங் மேஜைக்குக் கீழே கிடைத்தது. கூட்ட வந்த அக்கா, கழன்று கிடந்த ஒயரை ‘பாவம்’ என்று காலி ஓட்டையில் செருகியிருக்கிறார். இரண்டு முனையும் ஒரே சுவிட்சில். அனுப்பிய சேதி சுற்றிச் சுற்றி வந்து தன்னையே பெருக்கிக்கொண்டிருந்தது. ராடியா பெர்ல்மன் என்ற அம்மையார் 1985-லேயே ஸ்பேனிங் ட்ரீ என்று இதற்கு வழி கண்டுபிடித்துவிட்டார். நாங்கள் வாங்கிய எட்டு போர்ட் மலிவு சுவிட்சுக்கு அந்த விவரம் வந்து சேரவில்லை.

ஆனால் முருங்கை விஷயம்தான் என்னை நிஜமாகவே அசைத்தது.

ஒரு சித்திரை மாதம். எதிர்க் கட்டடத்தில் இருந்த பேக்கிங் செக்ஷனுக்குப் போகும் நெட்வொர்க் லிங்க் மதியத்துக்கு மேல் விட்டு விட்டு அறுந்தது. காலையில் நன்றாக இருக்கும். மூன்று மணிக்கு சுவிட்சைப் பார்த்தால் சிஆர்சி எரர், அதாவது வழியில் சிதைந்து வந்த சேதிகளின் எண்ணிக்கை ஆட்டோ மீட்டர் மாதிரி ஏறும். கேபிள் 80 மீட்டருக்குள்தான், 100 மீட்டர் வரம்பைத் தாண்டவில்லை. இரண்டு முனையும் வெட்டி, வெள்ளை-ஆரஞ்சில் தொடங்கி பிரவுனில் முடியும் வரிசையில் புதுசாக பிளக் மாட்டிக் கிரிம்ப் அடித்தேன். சுவிட்சை மாற்றினேன். சர்வர் கார்டையும் மாற்றினேன். நாலாவது நாள் சர்வர் மாட்டிய இரும்பு ரேக்கில் கை வைத்தபோது சுருக்கென்றது. ஏசி ஈரம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கே சிரிப்பாக இருக்கிறது இப்போது.

ஒயர்மேன் அண்ணா வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்தார். “ஏனுங் தம்பி, ரேக்கு ஷாக் அடிக்குதுங்களா? எர்த்தைப் பாத்தீங்களா?” என்றவர், மல்டிமீட்டரை எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வைத்தார். 14 வோல்ட். சர்வர் மாட்ட வரும் கம்பெனி இன்ஜினியர்கள் முதலில் இதைத்தான் அளப்பார்கள். இரண்டு மூன்று வோல்ட்டைத் தாண்டினால் பெட்டியையே பிரிக்க மாட்டார்கள். மாட்டிய நாளில் சரியாக இருந்ததால் நான் அப்புறம் அளந்ததே இல்லை.

அவர் என்னைக் கட்டடத்துக்குப் பின்னால் கூட்டிப்போனார். எர்த் குழி மூடிக்குப் பக்கத்தில் ஒரு முருங்கை, இலையெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்து நின்றது. “மரமே இப்பிடிக் காஞ்சு கிடக்குது. குழிக்குள்ள ஈரம் எங்கீங்க இருக்கும்?” என்றார். உப்பும் கரியும் அடுக்கிப் புதைத்த குழி அது. ஈரம் இருந்தால்தான் கசிகிற கரண்டை மண்ணுக்குக் கடத்தும். பழைய வாட்ச்மேன் தாத்தா தினமும் பாத்திரம் கழுவிய தண்ணீரை அந்த முருங்கைக்கு ஊற்றிக்கொண்டிருந்தாராம். பங்குனியில் அவர் வேலையை விட்டுத் தாராபுரம் பக்கம் ஊருக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு முருங்கை மேல் அக்கறை இல்லை.

மீதி எனக்கே புரிந்துவிட்டது. இரண்டு கட்டடத்துக்கும் தனித்தனி எர்த். நடுவே ஓடியது உலோக உறை போட்ட கேபிள். எங்கள் பக்க எர்த் காய்ந்து வோல்டேஜ் ஏற, வித்தியாசம் அந்த உறை வழியாக ஓடியது. மதியம் எல்லா லைனும் முழு ஓட்டத்தில் இருக்கும்போது கசிவும் கூடும், எரரும் கூடும். நாலு நாளாக நான் ஒயரின் இரண்டு முனைகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பழுது இருந்தது மண்ணுக்குள்.

மூடியைத் திறந்து நாலு குடம் தண்ணீர் ஊற்றினோம். ‘குபுகுபு’வென்று உறிஞ்சியது. சாயங்காலத்துக்குள் மீட்டர் 3-க்குக் கீழே வந்தது, லிங்க் அறுபடவில்லை. அடுத்த மாதமே முதலாளியிடம் போராடி அந்த இடத்துக்கு ஃபைபர் இழுத்தேன். கண்ணாடி இழையில் கரண்ட் ஓடாது. அந்த பில்லைப் பார்த்து முதலாளி, “தண்ணி ஊத்தியே சரியாப் போச்சே, அப்புறம் இது எதுக்குங்க தம்பி?” என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆனது.

அதன் பிறகு சர்வர் ரூம் கதவில் ஒரு நோட்டுத் தொங்கவிட்டேன். தினமும் காலையில் அதில் நாலு வரி எழுதுவேன்: பேக்கப், டிஸ்க் லைட், ரூம் சூடு, எர்த்-நியூட்ரல். ஐந்தாவது வரியை நான் போடவில்லை. புது வாட்ச்மேன் தன் கோணல் எழுத்தில் தானாகவே எழுத ஆரம்பித்தார்: ‘முருங்கைக்கு ரெண்டு குடம் ஊத்தியாச்சுங்க.’